கடைசி வரி இல்லாத ஒப்பாரிகள்

என் ஆய்வேடு எங்கள் வீட்டுக்குள் இல்லை. கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகை இருக்கிறது. அதில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு பலகை. அந்தப் பலகையில், உர மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். நீல அட்டை, பொன்னெழுத்து. என் பெயரும் அதில் இருக்கிறது. பார்க்க வேண்டும்போல் இருந்தால், தண்ணீர் கட்டப் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். பிறகு வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். உள்ளே கொண்டுவர இன்னும் மனம் வரவில்லை.

நான் பெரிய படிப்புக்காரி இல்லை. பன்னிரண்டாவது முடித்த வருடமே கல்யாணமாகி, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்தேன். அணைத் தண்ணீர் பாயும் பூமி. கரும்பு, நெல், மாடு, சமையல், வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் என்று காலம் போனது. மகள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன். தேறினேன் என்று வந்த அன்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தத் தைரியத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தேன். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தால் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

சேரும்போதே வீட்டுக்காரர் ஒன்று சொல்லிவிட்டார். "ரெண்டு வருசம் ஓட்டிக்கலாம். அதுக்கு மேல முடியாது. பொண்ணும் வெளியூரு காலேஜுக்குப் போயிடும். அப்பாவ யாரு பாத்துக்கறது?" அவர் சொன்னதில் தப்பில்லை. என் மாமனாருக்கு வலது பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டு கட்டிலோடு இருக்கிறார். வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது. அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். கல்லூரிக்குப் போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை முடிந்த அலுப்பு இருக்கும். அதற்குப் பிறகுதான் பாடம்.

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுதித் தர வேண்டும். எனக்கு அமைந்த நெறியாளர் என்னைவிட வயதில் சின்னவர். சேலத்துப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர், கண்டிப்பானவர். கூடப் படித்தவர்கள் கதை, நாவல், கவிதை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒப்பாரிப் பாட்டு எடுத்துக்கொண்டேன். புத்தகம் தேடி அலைய நேரமில்லாத எனக்கு, மனப்பாடமாகத் தெரிந்த இலக்கியம் அது ஒன்றுதான். எத்தனையோ சாவு வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

"நல்ல தலைப்பும்மா. களப்பணி பண்ணுங்க, பாட்டெல்லாம் பதிவு பண்ணி எழுதுங்க, பாத்துக்கலாம்" என்றார் மேடம்.

எங்கள் கொல்லையில் களை எடுக்க வரும் பெண்களிடம்தான் முதலில் கேட்டேன். எல்லாரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா, வூட்டுல பெரியவரு நல்லாத்தான இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப யாருக்கு ஒப்பாரி?"

"காலேஜுக்கு."

"ஐயோ, காலேஜு எப்ப செத்துச்சு? சொல்லவே இல்லியே!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நினைத்த இடத்தில் பாட முடியாது. ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி, ஏரிக்கரைக்குப் போக வேண்டும். முடியை அவிழ்க்க மாட்டார்கள், கட்டிப்பிடித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பிறகு, கடைசி வரியைப் பாட மாட்டார்கள். இதை அவர்கள் ஒரு நிபந்தனையாகச் சொல்லக்கூட இல்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் அது தெரிந்த விஷயம்.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக்குக் கடைசியில் ஒரு வரி உண்டு. அதுவரைக்கும் பாட்டு எங்கெங்கோ போகும். வயல், வாசல், சீர்வரிசை, பங்காளி என்று சுற்றி வரும். கடைசி வரியில்தான் செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, போய் வா, திரும்பிப் பார்க்காதே என்று அனுப்பி வைப்பது. மூடுற வரி என்போம். மூடிய பாட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் மூடினால் அது ஆளைத் தேடிக்கொள்ளும் என்பது எங்கள் பயம். அதனால் சாவு இல்லாத நாளில் யாராவது ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டினால் திறந்தபடியே விட்டுவிடுவார்கள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து அவர்கள் பாட, நான் போனில் பதிவு செய்தேன். எதிரே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. ஒருத்தி பாடினாள்:

"கரும்பு வெட்ட ஆளு வந்து
களத்து மேட்டுல குந்தியிருக்கு,
வெறகெடுக்கப் போன சனம்
வெளக்கு வெச்சும் காத்திருக்கு..."

அங்கே நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்க்கா, எனுக்கு எங்கப்பா ஞாவகம் வந்துடுச்சு" என்றாள். அப்புறம் அவள்தான் எழுந்து, "வாங்கடி, களை கெடக்குது" என்றாள்.

பதிவு செய்ததை எழுதி எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. சமையல் முடிந்த மதிய நேரத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரியைக் கேட்பேன், நிறுத்துவேன், எழுதுவேன். காதில் கேட்பதை என் வாய் கூடவே முணுமுணுத்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. முணுமுணுப்பு ராகமாகி, ராகம் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கிறது.

திடீரென்று பக்கத்து வீட்டு அக்கா மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். முடியை வாசலிலேயே அவிழ்த்துவிட்டிருக்கிறாள். "ஐயோ மாமா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே" என்று கட்டில் பக்கம் போய் விழப் பார்த்தாள்.

கட்டிலில் படுத்திருந்த என் மாமனார் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"இன்னும் ஆவலம்மா. ஆனா சொல்லி அனுப்புறேன். போயி வேலையப் பாரு."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முடியை முடிந்துகொண்டே என்னைத் திட்டினாள். "உனுக்கு அறிவு கீதா? சீக்காளிய வெச்சிக்கினு வூட்டுல குந்தி ஒப்பாரி வெக்கிறியே! வெளக்கு ஏத்துற வூடும்மா இது!" அன்றைக்கு வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மாமனார் மட்டும் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் அழுவுறா. முன்னாடியே பாத்துக்கினேன், எனுக்குக் கவல இல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மதியத்தில் உள்ளே அனல் அடிக்கும். மோட்டார் ஓடினால் காது அடைத்துக்கொள்ளும், ஓடாவிட்டால் கொசு. உர மூட்டைமேல் பலகையைப் போட்டு எழுதினேன். பல நாள் எழுதிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். எழுந்து பார்த்தால் வரி கோணலாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றிருக்கும்.

முதல் இயலையும் பாட்டுத் தொகுப்பையும் எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் கொடுத்தேன். அடுத்த வாரம் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: முற்றுப்பெறவில்லை. அடுத்த பக்கம், முற்றுப்பெறவில்லை. அதற்கடுத்த பக்கமும் அதேதான். பஸ்ஸில் அதைப் புரட்டிக்கொண்டே வந்தேன். யாரோ என்னையே சொல்வது மாதிரி இருந்தது.

மறுபடி போய் மேடத்திடம் விவரத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை ஏம்மா முன்னுரையில எழுதல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்."

"யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றால் உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். சோறு வாயால் தின்பது என்று யாராவது எழுதி வைப்பார்களா? அது மாதிரி நினைத்திருந்தேன்.

"சரி, இப்ப எழுதுங்க. ஆனா பாட்டு முழுசா வேணும். பாதிப் பாட்ட வச்சிகிட்டு அமைப்பு ஆய்வு எப்படிப் பண்ணுவீங்க? அவங்க பாடலன்னா போகட்டும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் என்ன? நீங்களே எழுதிச் சேத்துடுங்க."

"மாமனார் படுக்கையில இருக்கார் மேடம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருந்தது. "அம்மா, நீங்க எம்.ஏ. படிக்கிறீங்க. இது நம்பிக்கை, அது ஆய்வு. எழுத்துல எழுதினா யாருக்கு என்ன ஆகும்? முழுசா கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. இந்த வருடம் விட்டால் எனக்கு அடுத்த வருடம் கிடையாது. பி.ஏ. முடித்தேன், எம்.ஏ.வைப் பாதியில் விட்டேன் என்று ஆகிவிடும். எனக்கு வேலை கிடைக்கப் போவதில்லை, அது தெரியும். ஆனாலும் ஒரு காரியத்தை ஆரம்பித்துக் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பன்னிரண்டாவது படிக்கும்போது, மேலே படிக்க வைக்கச் சொல்லி அம்மனிடம் வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணி முடிந்துவிட்டு வந்தவள் நான். இத்தனை வருடம் கழித்து அவள் கொடுத்திருக்கிறாள். நானே கை நழுவ விடுவதா?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "எழுது, எழுதாத, நீயே பாத்துக்கோ. எனுக்கு இன்னா தெரியும்? ஆனா அப்பா காதுல வுழாம பாத்துக்கோ" என்றார். மாமனார் காதில் விழாமல் எங்கள் வீட்டில் எது நடந்திருக்கிறது? மறுநாள் கஞ்சி ஊட்டும்போது அவரே கேட்டார்.

"இன்னாம்மா, மூடுற வரி கேக்கறாங்களாமே காலேஜுல?"

"ஆமாம் மாமா."

"எழுதிக் குடுத்துடு. எப்படியும் எனுக்குப் பாடத்தான போற? இப்பவே எழுதி வெச்சிக்கினா அந்தப் பொழுதுல தடுமாறாம இருக்கும்."

"சும்மா இருங்க மாமா."

"உப்பு கம்மியா கீதும்மா, கஞ்சியில" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு அம்மனிடம் வாக்குக் கேட்பது எங்கள் வழக்கம். கல்யாணம், கிணறு வெட்டுவது எல்லாம் அப்படிக் கேட்டிருக்கிறோம். பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டுதான் போனேன். சந்நிதியில் நின்றதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மாமனாருக்கு, மகளுக்கு, மழைக்கு, மாட்டுக்கு என்று அவளைத் தொந்தரவு செய்வது போதாதா, ஆய்வேட்டுக்குமா? பூவை அப்படியே அவள் காலடியில் வைத்துவிட்டு, கற்பூரம் எரிந்து அடங்கும் வரை நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கால் வலித்தது. வந்துவிட்டேன்.

மறுநாள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். கரும்பு வெட்ட ஆள் வந்து காத்திருக்கும் அந்தப் பாட்டு. அதன் கடைசி வரி என் நாக்கு நுனியில் இருந்தது. எழுத உட்கார்ந்தால் என் மாமனார் கட்டிலில் தலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் கண்ணில் வந்தது. எழுதினால் அவருக்கு ஏதாவது ஆகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. ஆகாது என்று தெரியுமா? அதுவும் தெரியாது. அவரை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்க நான் யார்? கடைசி வரி வர வேண்டிய இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். எல்லாப் பாட்டுக்கும் அப்படியே செய்தேன். பிறகு, கடைசி வரி ஏன் இல்லை, யார் யார் அதைப் பாட மறுத்தார்கள், எங்கே உட்கார்ந்து பாடினார்கள் என்று தனியாக ஒரு இயலே எழுதினேன். என் மாமனாரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்ததையும் எழுதினேன்.

மேடம் அந்த இயலை என் முன்னாலேயே படித்தார். ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினார். பக்கத்து வீட்டு அக்கா வந்த இடமாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"இதுக்கு ஆதார நூல் எதுவும் இல்லையேம்மா."

"எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க மேடம். தேடிப் பாத்துட்டேன்."

"சரி. நான் கையெழுத்துப் போடறேன். வைவாவுக்கு வெளியில இருந்து தேர்வாளர் வருவார். புள்ளி எதுக்குன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். அவர் ஒத்துக்காம திருப்பி அனுப்பினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வருஷம்தான்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டி.டி.பி. கடைக்கு ஓடினேன். அங்கே தட்டச்சு செய்யும் பெண், "அக்கா, இந்தப் புள்ளியெல்லாம் விட்டுப்போன எழுத்தா? நிரப்பணுமா?" என்று கேட்டாள். "வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

வைவா அன்று காலையில் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கிக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தேர்வாளர் வயதானவர், நரைத்த மீசை, மெதுவான குரல். மேடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் தூங்காத முகமாக இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்திருந்தார். வெளித் தேர்வாளர் வருகிறார் என்ற படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் பக்கங்களைப் புரட்டிப் புள்ளியில் வந்து நின்றார். கேட்டார். நான் சொன்னேன். ஊர் எல்லை, ஏரிக்கரை, மாமனார், எல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருக்குப் பிடித்திருந்தது என்றுதான் தோன்றியது.

"நல்லதும்மா. ஆனா அந்த வரி நிஜமா இருக்குதுன்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கறது? ஒண்ணே ஒண்ணு பாடிக் காட்டுங்க, முழுசா. எழுத வேண்டாம். இது உங்க வீடு இல்ல, உங்க ஊர் எல்லையும் இல்ல. காலேஜ்தானே? இங்க யாருக்கு என்ன வந்துடப் போகுது?"

அவர் நியாயமாகத்தான் கேட்டார். என் மாமனார் இங்கே இல்லை. ஏரிக்கரையில்கூட யாரும் மூடவில்லை என்பது உண்மைதான்; ஆனாலும் இவ்வளவு தூரத்தில் பாடலாம் போலத்தான் இருந்தது. பாடாவிட்டால் அடுத்த வருடம். எனக்கு அடுத்த வருடம் இல்லை. தண்ணீர் குடித்தேன். தொண்டையைச் செருமினேன். "கரும்பு வெட்ட ஆளு வந்து..." என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரி போனது. மூன்றாவது போனது.

"வேண்டாங்க ஐயா."

மேடத்தின் குரல். நான் நிறுத்திவிட்டேன். பெரியவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஏம்மா?"

"வேண்டாம். அவங்க எழுதினதே போதும்." போனின்மேல் வைத்திருந்த கை அப்படியே இருந்தது. விரல்கள் மட்டும் இறுகியிருந்தன.

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரிம்மா, போதும். அடுத்த இயலுக்குப் போகலாம்" என்றார். உவமைகளைப் பற்றி ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கையெழுத்துப் போட்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடம் பின்னாலேயே வந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினார்.

"எங்கம்மாவ நேத்து சேலத்துல சேத்திருக்கோம்மா. ஐ.சி.யூ.ல இருக்காங்க."

"அம்மன் பாத்துக்குவா மேடம்" என்றேன்.

"நான் இதெல்லாம் நம்பறதில்ல."

"தெரியும் மேடம்."

குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. மடிப்புப் பிரியாமல் வாங்கி, பர்ஸில் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அதற்குள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கும் நான் பாதியில் நிறுத்தியதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். எம்.ஏ. படித்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் கேள்விப்பட்ட அன்றைக்கு அம்மனுக்கு ஒரு எலுமிச்சை மாலை போட்டேன்.

வைவா முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். என் ஊர் தாண்டி, அணை வரைக்கும் போய், கண்டக்டர் எழுப்பிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மடியில் நீல அட்டைப் புத்தகம் இருந்தது. வழியில் கொல்லைக்குப் போய் அதைப் பலகைமேல் வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மாடு கத்திக்கொண்டிருந்தது. சோறு வடிக்க வேண்டும். மாமனாரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமும் தாண்டிவிட்டது.

"இன்னாம்மா, தேறிட்டியா?" என்றார்.

"தேறிட்டேன் மாமா."

"மூடுற வரி?"

"பாடல மாமா. அப்படியே வுட்டுட்டேன்."

"அப்ப இன்னும் கொஞ்ச நாளு உனுக்குக் கஞ்சி வேல இருக்குது" என்றார். அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்து இடது பக்கம் திருப்பினேன். கனமாகத்தான் இருந்தார்.